தொங்கிக்கொண்டிருந்த நீல வயர்

சிலருக்குப் பயம் வந்தால் வயிறு கலங்கும். சிலர் விபூதி பூசிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் பெருக்குவேன்.

என் கல்யாணத்துக்கு முதல் நாள் மண்டபத்து மாடிப்படியைப் பெருக்கியிருக்கிறேன் (பெண் வீட்டார் என்னை மண்டபத்து ஆள் என்று நினைத்து டிரம்மை நகர்த்தித் தரச் சொன்னார்கள். நகர்த்தித் தந்தேன்). மகள் நிவேதா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் துடைப்பம் தேடி அலைந்து ஆயாவிடம் திட்டு வாங்கினேன். அவள் பிளஸ் டூ முடித்துப் பொறியியல் கவுன்சலிங் தொடங்கிய மாதத்தில் பெரம்பலூரில் எங்கள் வீடு இருந்த சுத்தத்துக்கு, வந்தவர்கள் செருப்பை வாசலில் விடாமல் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும். திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரி. மார்க்கும் அதற்குத் தக்கபடி இருந்தது. செய்ய வேண்டியது ஒன்றுதான். மூன்று நாள் அவகாசத்துக்குள் கவுன்சலிங் தளத்தில் நுழைந்து, வேண்டிய கல்லூரிகளையும் பாடங்களையும் வரிசையாக ஏற்றிப் பூட்ட வேண்டும். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணியோடு அவகாசம் முடியும். நாம் பூட்டாவிட்டால், அந்த நேரத்தில் எது ஏறியிருக்கிறதோ அதை அதுவே பூட்டிக்கொள்ளும்.

முதல் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே நிவேதா சொன்னாள்: "போன்லயே பண்ணிடலாம்ப்பா. கால் மணி நேர வேலை."

அன்றைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. நான் படித்தவன்தான், பி.காம். ஆனால் ஊரில் எத்தனையோ படித்தவர்கள் அஷ்டமியன்று சைக்கிள்கூட வாங்குவதில்லை. பெற்ற பெண்ணின் தலையெழுத்தை அஷ்டமியில் ஏற்றுவேனா? தவிர, போனில் செய்வதாவது. விரல் தவறி எதையாவது தொட்டுவிட்டால்? பேட்டரி தீர்ந்துவிட்டால்? நடுவில் அவளுடைய சிநேகிதி யாராவது கூப்பிட்டுவிட்டால்? பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரும் வேண்டாம், பாஸ்வேர்டைத் திருடிவிடுவார்கள். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, தசமி. என் ஆபீசுக்கு வா, ஃபைபர் லைன் இருக்கிறது, யூபிஎஸ் இருக்கிறது, பயமே இல்லை என்று முடிவாகச் சொன்னேன். தளத்தில் பதிந்திருந்ததும் என் போன் நம்பர்தான். நுழையும்போதெல்லாம் ஓடிபி எனக்குத்தான் வரும். எல்லாம் ஒரு பொறுப்பான தகப்பன் கையில் இருக்கட்டும் என்ற ஏற்பாடு.

ஆபீஸ் என்று நான் பெருமையாகச் சொன்னது அரியலூருக்கு வெளியே, சிமெண்ட் லாரிகள் ஓடும் ரோட்டில் இருக்கும் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுத்து, இ-வே பில் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். அந்தச் சீட்டு இல்லாமல் லோடு வண்டி ரோட்டில் ஏற முடியாது. நான் மேனேஜர். பில் போடுவது மலர்க்கொடி. கம்ப்யூட்டர் நான்கு. அதில் ஒன்று முதலாளி வந்தால் உட்காருவதற்கு (அவர் வருவதில்லை. திருச்சியில் இருந்தபடி கேமராவில் பார்த்துக்கொள்வார்). பிரிண்டரில் சிக்கிய தாளை ஒருமுறை கிழியாமல் உருவி எடுத்ததிலிருந்து அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் டாக்டர். எந்த வியாதிக்கும் என்னிடம் ஒரே மருந்து. அணைத்துவிட்டுப் போடு.

வியாழக்கிழமை சாயந்திரம் மலர்க்கொடி கிளம்பிய பிறகு, நாளைக்கு மகள் வருகிறாளே என்று சுற்றிப் பார்த்தேன். ஜன்னலில் சுண்ணாம்புத் தூசி, மூலையில் ஒட்டடை. என் பயமும் பெருமையும் ஒன்று சேர்ந்துகொண்டன. துடைப்பத்தை எடுத்தேன். கடைசியாக என் மேஜைக்கு அடியில் புகுந்தேன். நான்கு கம்ப்யூட்டரின் வயர்களும் வந்து சேரும் சின்னப் பெட்டி ஒன்று அங்கே சுவரில் இருக்கிறது. அதன் கீழே சுவரோரமாக நீல வயர் ஒன்று கிடந்தது. எப்போதோ எடுத்துவிட்ட மேஜையின் வயர். அதன் முனை அனாதையாகத் தொங்கியது. பெட்டியிலோ ஒரு ஓட்டை காலியாக இருந்தது.

வயரைத் துணியால் துடைத்து, முனையை அந்த ஓட்டையில் செருகினேன். டிக் என்று அழகாக உட்கார்ந்தது. அதுவரை சோம்பலாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்த விளக்குகள் எல்லாம் படபடவென்று எரியத் தொடங்கின. ஆகா, பெட்டிக்கே உயிர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, விசில் அடித்தபடி பஸ் பிடித்தேன்.

மறுநாள் காலை நிவேதாவை அழைத்துக்கொண்டு போய் இறங்கினால், மலர்க்கொடி வாசலிலேயே நின்றாள். "சார், நெட் படுத்துடுச்சு. ஒரு பில்லு ஏறதுக்குள்ள நாலு வாட்டி கட் ஆவுது."

நான் பதறவில்லை. எப்படியும் ராகு காலம் தொடங்கப்போகிறது, பன்னிரண்டு மணி வரை நாங்கள் தொடப்போவதில்லை, அதற்குள் தானாகச் சரியாகிவிடும் என்று மகளுக்கு தைரியம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். திட்டும் பார்வை இல்லை. வயதானவர்கள் ரோட்டைக் கடக்கும்போது பார்ப்போமே, அந்த மாதிரி.

பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடிந்தது. நெட் வரவில்லை. என் மருத்துவத்தைத் தொடங்கினேன். நான்கு கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுப் போட்டேன். மோடத்தை அணைத்துவிட்டுப் போட்டேன். பெட்டியை அணைத்துவிட்டுப் போட்டேன். பெட்டியை அணைத்துப் போட்டதும் மட்டும் ஒரு நிமிஷம் எல்லாம் ஓடும். பக்கம் திறக்கும். நம்பிக்கை வரும். வாயைத் திறந்து "வந்துடுச்சு" என்று சொல்வதற்குள் மறுபடியும் சுழல ஆரம்பித்துவிடும். ஒரேயடியாகச் செத்திருந்தால் நான் அவளைக் கூட்டிக்கொண்டு வேறு எங்காவது போயிருப்பேன். இப்படி மூச்சை விட்டு விட்டு இழுத்துத்தான் என்னைக் கெடுத்தது.

பிறகு சந்தேகப்பட ஆரம்பித்தேன். வைரஸ் என்றேன். லாரி அதிர்வில் லைன் அறுந்திருக்கும் என்றேன். கேபிளைக் குரங்கு கடித்திருக்கும் என்றேன் (அந்த ரோட்டில் குரங்கே கிடையாது). கடைசியில், கேட்கக் கூசினாலும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் சீரியல் ஏதாவது பார்த்தாயா என்று மலர்க்கொடியிடம் கேட்டுவிட்டேன்.

"பில்லே ஏறலையாம், சீரியல் ஏறுதாம்," என்று அவள் முதலாளியின் காலி நாற்காலியிடம் சொன்னாள்.

லைன் கொடுத்த கம்பெனிக்கு போன் செய்தேன். பாட்டுப் போட்டார்கள். முழுப் பாட்டையும் கேட்டேன். புகாரைப் பதிந்துகொண்டோம், நன்றி என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

நடுவில் முதலாளி கூப்பிட்டார். "ஏன்யா, வெளியில வண்டி நிக்கிது, டிரைவரெல்லாம் எனக்கு போன் போடுறானுவ. நீ என்னடான்னா காலைலேருந்து கன்னத்துல கை வச்சிக்கிட்டு அசையாம ஒக்காந்திருக்க?"

கேமராவும் அதே பெட்டி வழியாகத்தான் போகிறது. காலையில் நான் கன்னத்தில் கை வைத்த ஒரு நொடியில் அவருக்குப் படம் உறைந்துவிட்டது. இதை விளக்கிச் சொன்னேன். "அசைஞ்சு காட்டு பாப்போம்," என்றார். கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. வேலையே செய்யாத ஒருவனின் சாட்சியாக அந்தப் படம் அவர் போனில் நாள் முழுக்க இருந்தது.

நிவேதா மட்டும் மேஜைக்கு அடியில் குனிந்து அந்தப் பெட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, எல்லா லைட்டும் ஒரே மாதிரி வெறி பிடிச்ச மாதிரி அடிக்குதுப்பா. யாருமே ஒண்ணும் பண்ணல, ஆனா அடிக்குது. இது சரியில்ல. ஒவ்வொரு வயரா கழட்டிப் பாக்கலாமா?"

"லைட்டு அடிச்சா நல்லா ஓடுதுன்னு அர்த்தம்மா," என்றேன். "வயருல கைய வச்சா இருக்கறதும் போயிடும். வெளியில டிரைவருங்க என்னை உரிச்சுப்புடுவாங்க. நீ சும்மா இரு."

கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்பட்ட பெண் அவள். அன்றைக்கு அந்த அறையில் சரியாகப் பேசிய ஒரே ஆளும் அவள்தான். சும்மா இருக்கச் சொன்னேன்.

மூன்றரை மணி சுமாருக்கு அவள் கை கழுவப் பின்பக்கம் போயிருந்தாள். நான் வழக்கம்போலப் பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டு, தளத்தின் முகவரியைத் தட்டினேன். திறந்தது. ஓடிபி வந்தது, போட்டேன், உள்ளே நுழைந்துவிட்டேன். கல்லூரிகள் வரிசையாக நிற்கின்றன. அவளைக் கூப்பிட்டு, அவள் வந்து, திருச்சிக் கல்லூரியைத் தேடி எடுப்பதற்குள் போய்விடுமே. முதலில் ஏறுகிறதா என்று பார்ப்போம் என்று, கண்ணில் பட்ட முதல் வரியைத் தொட்டுச் சேமித்தேன். பச்சை டிக் விழுந்தது.

"பாப்பா, ஏறுது, ஓடியா" என்று கத்தினேன். ஈரக் கையோடு ஓடி வந்தாள். அதற்குள் திரை வெள்ளையாகி வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன போட்டீங்க?"

"சும்மாம்மா. டெஸ்டுக்கு. நெட்டு வந்தோன்ன அழிச்சிட்டு உன்னுது போட்டுக்கலாம்."

அவள் முகம் மாறியது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தது.

நான்கரை தாண்டியதும், உங்க போனைக் கொடுங்க, ரோட்டுப் பக்கம் போனால் சிக்னல் இருக்கும், அங்கே நின்று போட்டுவிடுகிறேன் என்றாள். எங்கள் ஆபீசின் கான்கிரீட்டுக்குள் போன் சிக்னல் பேச மட்டும்தான் எட்டும். நியாயமான யோசனை. ஆனால் அந்த நேரம் நான் மேஜைக்கு அடியில் கிடந்தேன். பல்லில் போனைக் கவ்வி அதன் டார்ச் வெளிச்சத்தில் பெட்டியின் பின்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். டார்ச்சுக்கு வேண்டும், உன் போனில் போடு என்று பல் இடுக்கில் சொன்னேன். அவள் தன் போனை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் அங்கே நின்று தளத்தில் நுழையப் பார்த்தபோதெல்லாம் ஓடிபி எனக்கு வந்தது. பல்லுக்கு நடுவில் போன் உறுமியது. டிரைவர்களோ முதலாளியோ என்று நினைத்து, பார்க்காமலே மூக்கு நுனியால் தள்ளிவிட்டேன். மறுபடியும் உறுமியது. மறுபடியும் தள்ளினேன். ரோட்டில் லோடு லாரிகளின் தூசியில் நின்றுகொண்டு என் மகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளை நான் மூக்கால் வெட்டிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

வெளியே டிரைவர் ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார் அடியில படுத்துத் தூங்குறாரா?" என்று மலர்க்கொடியிடம் விசாரித்தார். "பல்லு வெளக்குறாரு," என்றாள் அவள்.

அதோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. சரி, போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்த வயரைப் பிடித்து இழுத்தேன். வந்தது நீல வயர்.

விளக்குகள் அடங்கின. அலறி அழுத குழந்தை சட்டென்று தூங்கிப்போன மாதிரி. ஒன்று சிமிட்டியது. நிதானமாக இன்னொன்று சிமிட்டியது.

"சார், வந்துடுச்சு," என்றாள் மலர்க்கொடி. பிரிண்டர் பில்லாகக் கக்கத் தொடங்கியது. டிரைவர்கள் கை தட்டினார்கள். முதலாளி போன் செய்து, "இப்ப அசையுறய்யா, மேஜைக்கு அடியில ஏன்யா படுத்துருக்க?" என்றார். நான் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்து, வெற்றிபெற்றவனைப் போல நின்றேன். அப்போதுதான் நிவேதா உள்ளே வந்தாள். புருவத்தில், முடியில் எல்லாம் வெள்ளைத் தூசி.

"எத்தன வாட்டி கூப்பிட்டேன்ப்பா," என்றாள்.

போனைப் பார்த்தேன். திரை முழுக்க அவள் பெயர். நடுநடுவே ஓடிபி. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். தளம் வழுக்கிக்கொண்டு திறந்தது. நாள் முழுக்க நான் காணாத வேகம். உங்கள் விருப்பங்கள் பூட்டப்பட்டன என்று எழுதியிருந்தது. விருப்பங்கள் என்று பன்மையில் போட்டிருந்தார்கள். இருந்தது ஒன்றுதான். அதுவும் அவளுடையது இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று, ஜவுளித் தொழில்நுட்பம்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து மேஜைக்கு அடியில் குனிந்தாள். தரையில் கிடந்த நீல வயரின் முனையை எடுத்து, அது வந்த வழியே விரலால் தடவிக்கொண்டு போனாள். சுவரோரமாகப் போன வயர், பழைய மேஜை இருந்த இடத்தில் சுருண்டு, திரும்பி வந்து, அதே பெட்டியில் முடிந்தது.

"இதோட இன்னொரு முனையும் இங்கதான்ப்பா இருக்கு. ரெண்டு பக்கமும் இதுலயே குத்தியிருக்கு. பெட்டி தனக்குத்தானே பேசிக்கிட்டே இருந்திருக்கு, அதான் வேற யாரு பேசறதும் கேக்கல." நிமிர்ந்து, "இது யாருப்பா குத்துனது?" என்றாள்.

மலர்க்கொடி என்னைப் பார்த்தாள். டிரைவர்களும் என்னைப் பார்த்தார்கள். கேமராவும் வேலை செய்துகொண்டிருந்தது.

"தொங்கிட்டு இருந்துச்சும்மா," என்றேன்.

நீ வருகிறாய் என்றுதான் சுத்தம் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பெரம்பலூர் பஸ்சில் அவளுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மக்காச்சோளக் காடுகள் எப்போது முடிந்தன, டவுன் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் என் மனைவி செல்வி பாயசம் வைத்திருந்தாள். நல்ல நாளில் பூட்டியாகிவிட்டது என்று அவளுக்கு எண்ணம். நடந்ததை நான் சொல்லி முடித்ததும், அவள் பாயசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நாள் அது ஃபிரிட்ஜில் இருந்தது. யாரும் தொடவில்லை.

பிறகு நான் போகாத இடமில்லை. கவுன்சலிங் உதவி மையத்தில் ஒருவர் பொறுமையாக முழுக் கதையையும் கேட்டார். பெட்டி, வயர், டார்ச், மூக்கு எல்லாம். "உங்க பொண்ணு ரேங்குக்கு அந்த சீட்டு ரொம்ப ஈசியா கெடைக்கும் சார், கவலைப்படாதீங்க," என்று ஆறுதல் சொன்னார். கிடைத்தது. வேண்டாம் என்றால் அடுத்த வருஷம்தான். ஒரு வருஷம் காத்திருக்கிறாயா என்று மகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"வூட்லயா? நீங்க தெனமும் பெருக்கிட்டே இருப்பீங்க. எனக்குத் தூசி ஆகாது," என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்டினாள்.

இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிறாளா என்றால், படிக்கிறாள். லீவுக்கு வந்தால் என் சட்டைத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, சுத்தப் பருத்தி என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறார்கள் என்பாள். அந்தப் படிப்பு அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. பிடித்திருக்கிறது என்று சொன்னால் என் மனசுக்காகச் சொல்கிறாளோ என்று தோன்றும். பிடிக்கவில்லை என்று சொன்னால் என்ன செய்வேன் என்று தெரியாது. சில சாயந்திரங்களில் போன் உறுமினால் இப்போதும் எனக்குப் பல் கூசுகிறது.

வீட்டில் ஒரு சட்டம் மட்டும் வந்துவிட்டது. யாரும் போட்ட சட்டம் இல்லை, தானாக வந்தது. ஆன்லைனில் முக்கியமான எதையாவது அழுத்த வேண்டியிருந்தால், அந்த நேரம் நான் வீட்டில் இருக்கக் கூடாது. முதல் செமஸ்டர் ரிசல்ட் அன்று செல்வி, "ஏங்க, போயி பால் வாங்கிட்டு வாங்களேன்," என்றாள். ஃபிரிட்ஜில் பால் இருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு போனேன். அன்றிலிருந்து அப்படியே. கேஸ் புக் செய்தால் பால். பஸ் டிக்கெட் போட்டால் பால். தீபாவளிக்கு வந்த உறவுக்காரர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். யாராவது போனில் ஏதோ ஃபாரம் நிரப்ப உட்கார்ந்தால், "மாமாவுக்குப் பால் பை எங்கப்பா?" என்று குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நிவேதாவும் சிரிப்பாள், எல்லோரையும்விடக் கொஞ்சம் தாமதமாக.

போன வாரம் அவளுக்கு ஒரு கம்பெனி டிரெய்னிங்குக்கு ஆன்லைனில் தேர்வு. கோயம்புத்தூரிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு, "அப்பா கெளம்பிட்டாரா?" என்றுதான் முதலில் கேட்டாள். செல்வி என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் செருப்பை மாட்டிவிட்டேன்.

பால் கடைக்காரர் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். இரண்டு பாக்கெட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னிக்கு பாப்பாவுக்கு பரீட்சையா சார்?"